தனித்தனியே நேர்கோடு

கணினியில் ரன் பொத்தானைத் தட்டியதும் புவனேஸ்வரி திரையைப் பார்க்க மாட்டாள். கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டா நுனியால் மெதுவாகத் துடைப்பாள். வோல்டேஜ் கோடு வரைந்து முடிந்திருக்கும் என்று தோன்றிய பிறகே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்வாள். பரீட்சை முடிவு பார்ப்பவள் மாதிரி.

ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுகளுக்கு மின்சார வேலை செய்து தரும் பட்டறையில் அவள் இஞ்சினியர். படகின் பேட்டரி தருவது இருபத்துநாலு வோல்ட். அதை ஜிபிஎஸ், வயர்லெஸ், வலை இழுக்கும்போது போடும் எல்இடி விளக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஏற்றபடி மாற்றித் தர ஒரு கன்வெர்ட்டர் பெட்டி. எல்லாம் அவள் வடிவமைத்தவை. ஒவ்வொன்றையும் கணினியில் ஓட்டிப் பார்த்திருந்தாள். ஒவ்வொன்றும் அசையாத நேர்கோடு. பெட்டிகள் முதலில் ஏறியது நாகராசுவின் படகில். அதை ஓட்டுவது அவள் தம்பி கோபிநாத்.

அந்தச் சனிக்கிழமை, படகு கடலுக்குப் போய்விட்ட பிறகு, சாயங்காலம்தான் எல்லாப் பெட்டிகளையும் கணினியில் ஒரே பேட்டரியோடு சேர்த்து ஓட்டத் தோன்றியது. துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். திரையில், விளக்கு எரிந்ததும் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கியது. அதை ஈடுகட்ட ஒவ்வொரு பெட்டியும் கூடுதலாகக் கரண்டை இழுத்தது. இழுக்க இழுக்க இன்னும் இறங்கி, கடைசியில் ஜிபிஎஸ் அணைந்தது. ஜிபிஎஸ் இல்லாத படகுக்குக் கடல் எல்லை எங்கே தெரியும்?

துறைமுகத்துக்கு ஓடினாள்.

“என்ன இஞ்சினியரம்மா, பொட்டிக்குள்ள கடல் பொங்கிருச்சா?” நாகராசு சிரித்தார்.

“அண்ணே, லைட்டப் போட வேணாம்னு தம்பிக்கிட்ட சொல்லுங்க. போட்டா ஜிபிஎஸ் போயிரும்.”

சிரிப்பு நின்றது. “நல்லாருக்குன்னு படமெல்லாம் காட்டுனியேம்மா?”

“தனித்தனியாப் பாத்தேண்ணே. சேத்துப் பாக்கல.”

அவர் கரையிலிருந்த வயர்லெஸ் மைக்கில் படகைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பதிலில்லை. படகின் வயர்லெஸ்ஸும் அதே பேட்டரியில்தான் ஓடியது.

மறுநாள் அந்த ஒரு படகு மட்டும் திரும்பவில்லை. எல்லை தாண்டியதாக அந்தப் பக்கத்துக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது.

“ஒன் பொட்டியெல்லாம் இருந்துச்சேடி, எப்புடித் தாண்டுனாங்க?” என்று அம்மா கேட்டாள்.

பல வாரம் கழித்துக் கோபி இளைத்துப்போய் வந்தான். படகு வரவில்லை. விளக்கைப் போட்டதும்தான் ஜிபிஎஸ் அணைந்ததா என்று கேட்டாள்.

“ஆமாக்கா. அதுக்கு முந்துன தடவையும் அப்புடித்தான் அணைஞ்சுச்சு.”

“அப்பவே ஏண்டா சொல்லல?”

ஜிபிஎஸ்தான் கோளாறு என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு, வேறொன்று மாற்றி வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

“பொட்டி நீ செஞ்சதாச்சேக்கா” என்றான்.