எங்கள் ஊர் பஸ்ஸைக் காப்பாற்றியது

அந்த பஸ்ஸுக்காக எங்கள் ஊர் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் அலுப்பாகத்தான் இருக்கிறது. வாலாஜாபாத்திலிருந்து எங்கள் ஊர் வழியாக, ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கடைசி ஊர் வரை விட்டிருந்தார்கள். தற்காலிகம்தானாம். வசூல் தேறாது, எடுத்துவிடுவோம் என்று அடிக்கொரு தரம் மிரட்டுவார்கள். அடப் போங்கய்யா! நடவுக்கும் அறுப்புக்கும் போகிற சனம் தினமும் டிக்கெட் வாங்கிக்கொண்டு எங்கே போகும்?

ஆனாலும் போனார்கள். கோயிலில் பூசை முடிந்ததும் சாமியாரே, "எல்லாரும் பஸ்ஸில் போங்க" என்பார். பெரியம்மா ஒரு துடைப்பம் வாங்க வாலாஜாபாத் போய் வருவாள். அப்பா போய் ஒரு டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்புவார். பாதி எனக்காகத்தான். எங்கள் ஊர்ப் பள்ளி எட்டாவதோடு சரி, மேலே படிக்க வாலாஜாபாத்துக்குத்தான் போக வேண்டும். பெண்ணை அவ்வளவு தூரம் நடத்தி அனுப்ப அம்மா ஒப்பமாட்டாள். பஸ் போனால் என் படிப்பும் போச்சு.

நான் பத்தாவது பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது, கூட்டம் ஏறுகிறதா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அன்றைக்குத்தான் எனக்குக் கணக்குப் பரீட்சை.

"நல்லதாப் போச்சு கண்ணு," என்றார் அப்பா. "நாங்க எல்லாம் கடைசி ஊருக்கே போய் ஏறிகினு வரோம். மொதல்லயே பஸ்ஸு ரொம்பிகினு இருந்தாதான் அந்தாளு நம்புவாரு. நீ நம்ம ஸ்டாப்புல நில்லு. பெரிம்மா எழுந்து உனுக்கு எடம் குடுக்கும்."

மற்ற நாளில் அந்தக் கண்டக்டர், மூட்டை மாதிரி ஆளை உள்ளே திணிப்பவர். அன்று பின்னால் அதிகாரி உட்கார்ந்திருந்தார். பஸ் வந்தது, நிற்காமல் போனது. உள்ளே முழுக்க எங்கள் ஊர் முகங்கள். ஜன்னலில் பெரியம்மா, "அய்யய்யோ, எங்க புள்ளடா அது!" என்று கத்தினாள். படியருகே அப்பா கண்டக்டரின் சட்டையைப் பிடித்திருந்தார்.

"ஆபீசர் கீறாருய்யா, இதுக்கு மேல ஏத்துனா என் வேல பூடும்" என்றாராம் கண்டக்டர்.

வளைவில் பஸ் மெதுவானதும் அப்பா குதித்து ஓடி வந்தார். இருவரும் ரோட்டைப் பிடித்து ஓடினோம். வழியில் ஒரு செங்கல் லாரி ஏற்றிக்கொண்டது. போய்ச் சேர்ந்தபோது நேரம் தாண்டிவிட்டது, வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். அப்பா கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார். ம்ஹும்.

சாயங்காலம் ஊரே எங்கள் வீட்டு வாசலில் நின்றது. "பஸ்ஸ இனிமே எடுக்கமாட்டாங்களாம், ஆபீசரே சொல்ட்டாரு" என்றார்கள். சந்தோஷப்படுவதா, என்னைப் பார்த்து அழுவதா என்று அவர்களுக்கே தெரியவில்லை. நான் யார்மேல் கோபப்படுவது? அத்தனை பேரும் எனக்காக ஏறியவர்கள்.

அக்டோபரில் மறுபடி எழுதலாம் என்றார் அப்பா. அதற்குள் நல்ல இடம் என்று ஒரு மாப்பிள்ளை வந்தார், ஆவணியில் கல்யாணம் முடிந்தது.

புகுந்த வீட்டுக்கு அந்த பஸ்ஸிலேயே கிளம்பினேன். பஸ் நிலைத்துவிட்டதால் வேலையில்லாமல் யாரும் ஏறுவதில்லை. உள்ளே எங்கள் நாலு பேரைத் தவிர ஆளே இல்லை.

"எங்க வோணா குந்தும்மா," என்றார் கண்டக்டர்.