சுவர் வெடிப்பில் ஒரு கலண்டர் தாள்

நமுனுகுல மலையில் ஒரு பழைய தேயிலைக் களஞ்சியத்துக்குள் நிற்கிறேன். ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைவிழாவுக்கு இந்த முறை இதுதான் கூடம். நடுவில் கண்ணாடிப் பெட்டி ஒன்று. மலைமண் அசைவதை அளந்து இசையாக்கும் கருவியாம். கொழும்பிலிருந்து வந்தவர்கள் கண்ணை மூடி 'மலையின் மூச்சை' ரசிக்கிறார்கள். ரசனையாம், ரசனை!

கூடத்தைக் கூட்டும் ராசம்மா அக்கா என்னிடம் வருகிறார். "இது நெசமாவே மண்ணு நகர்றதச் சொல்லுதுங்களா?"

"ஆமாங்கக்கா."

பின்னாலிருக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் தன் அறைக்குக் கூட்டிப்போகிறார். விழா ஏற்பாட்டாளர் ஒருவரும் கூடவே வருகிறார். அறைச்சுவரில் கை நுழையுமளவு வெடிப்பு. அதன் குறுக்கே சோற்றுப் பசையில் ஒட்டிய கலண்டர் தாள்.

"மழை பேஞ்சா இதையேதான் பார்த்துக்கிட்டு இருப்போம். தாள் கிழிஞ்சா மண்ணு நகருதுன்னு அர்த்தம். புள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்கு ஓடிருவோம்."

அளக்கும் கருவி கூப்பிடு தூரத்தில் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறது.

ஏற்பாட்டாளருக்கோ பரவசம். "எவ்வளவு அழகான படைப்பு! இந்தத் தாளை எங்கள் கூடத்தில் வைக்கலாமா?"

ராசம்மா அக்கா அவரை ஏற இறங்கப் பார்க்கிறார்.

"தாராளமா எடுத்துக்கங்க. அந்தப் பொட்டிய இங்க கொண்டாந்து வச்சிட்டு எடுத்துக்கங்க."