அப்பாவுக்குக் கிடைத்த 'டா'

குல்ஃபிப் பெட்டியைத் திறந்தால் ஏலக்காய் மணம் தெரு முழுக்க வரும்...

மணியை ஆட்டிக்கொண்டே அப்பா, "வாங்க, வாங்க" என்பார். மாரண்டஹள்ளித் தெருநாய் குறுக்கே வந்தால் அதற்கும் "போங்க, போங்க"தான். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

ராஜஸ்தானிலிருந்து அம்மாவையும் கைக்குழந்தையான என்னையும் கூட்டிக்கொண்டு பிழைக்க வந்தவர். தமிழில் எங்கே மரியாதை குறைந்துவிடுமோ என்று பயம். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க'.

ஊரும் பதிலுக்கு "வாங்க சேட்டு" என்றது. அடகுக்கடை இல்லாத ஒரே சேட்டு! மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் ஒரு நல்லது கெட்டதுக்கு யாரும் கூப்பிட்டதில்லை. அப்பாவுக்கு அது உள்ளுக்குள் வலித்தது.

குல்ஃபிக்குப் பிறகு பிளாஸ்டிக் குடம், வாளி வியாபாரம். அப்புறம் தக்காளி மண்டிக்கு பிளாஸ்டிக் பெட்டிகளை வாடகைக்கு விட்டார். அந்த வருஷம் தக்காளி விலை விழுந்து, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை என்று எல்லோரும் தோட்டத்திலேயே விட்டுவிட்டார்கள். காலிப் பெட்டிகள் வாசலில் கிடந்தன. அப்பா துணிமணியை மூட்டை கட்டினார்...

பஸ் ஸ்டாண்டில் தருமபுரி பஸ்ஸுக்கு நின்றோம். மண்டிக்காரர் முனியப்பன் மாமா பைக்கில் வந்து இறங்கினார். அதுவரை அப்பாவிடம் "சேட்டுங்க" என்றே பேசியவர்.

"எங்கடா போற? புள்ளைய இழுத்துக்கிட்டு எங்கடா போற? நானென்ன செத்தா போயிட்டேன்? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாடா? நடடா வூட்டுக்கு!"

அம்மா பயந்துபோய் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அப்பா மூட்டைமேல் உட்கார்ந்து அழுதார். அழுதுகொண்டே சிரித்தார்.

"பயப்படாதே... கூடப்பிறந்தவன்தான் இப்படித் திட்டுவான்" என்று அம்மாவிடம் எங்கள் பாஷையில் சொன்னார்.

மண்டி ஓரத்தில் மாமா கொடுத்த இடத்தில் ஆரம்பித்ததுதான் செல்போன் கடை. அதுதான் காலூன்ற வைத்தது. பிறகு சொட்டுநீர்க் குழாய் ஏஜென்சி. மாமா தினமும் காலையில் கடைக்கு வந்து, "டேய் சேட்டு, டீ சொல்லுடா" என்பார்.

இந்தப் பொங்கலுக்கு முன்னால் மாமா போய்விட்டார். சுடுகாடு வரைக்கும் அப்பா பாடையை விடவேயில்லை.

நான் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறேன். போன வாரம் லீவில் கடைக்குப் போனேன். பெரிய கண்ணாடிக் கதவு, ஏசி... வருகிற எல்லோரும் "வணக்கம் சார், நல்லாருக்கீங்களா?" என்றார்கள். டீ வந்தது. அப்பா தொடவில்லை.

"எல்லாரும் மரியாதையா பேசறாங்க பாப்பா... என்னை டா போட யாருமே இல்லீங்க."

தமிழில்தான் சொன்னார். என்னிடமும் அந்த 'ங்க'...

இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.