காண்டிராக்டர் பூவாயி

செய்யூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கடற்கரைச் சாலை இறால் கம்பெனிக்கு வேன் ஏறிப் போன பெண்களில் பூவாயியின் கைவேகம் யாருக்கும் வராது. நகக்கண்ணில் புண், உடம்பெல்லாம் கவிச்சை என்பது எல்லாருக்கும் உள்ளதுதான். பூவாயிக்குக் கூடுதலாக ஒரு வாய் இருந்தது. அதட்டியும் வேலை வாங்குவாள், சிரிக்க வைத்தும் வாங்குவாள். மேனேஜர் வாசுதேவன் அதைக் கவனித்து வைத்திருந்தார். தொண்ணூற்றாறில் ஒரு நாள் அவளை அறைக்குக் கூப்பிட்டு, "இனிமே நீங்க கூலியாள் இல்ல பூவாயி, காண்டிராக்டர்" என்றார். காட்டிய இடத்திலெல்லாம் அவள் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

ஊரே வாயைப் பிளந்தது. நேற்றுவரை 'ஏய் பூவாயி' என்றவர்கள் காண்டிராக்டரம்மா என்று கூப்பிட்டார்கள். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

இதிலிருந்த சூது இதுதான். பெண்கள் கம்பெனிக்குள் உட்கார்ந்து கம்பெனியின் இறாலைத்தான் உரித்தார்கள். கூலியும் கம்பெனி கொடுத்ததுதான். ஆனால் காகிதத்தில் அவர்கள் பூவாயியின் ஆட்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ., கையுறை, கக்கூஸ் என்று யார் எதைக் கேட்டாலும் கம்பெனி பூவாயியைக் கைகாட்டிவிடலாம். ஒரு கூலிக்காரியின் தலையில் முதலாளி என்று எழுதி ஒட்டிவிட்டு, முதலாளிகள் குளுகுளு அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு மழைக்காலம் போனது. அதன் பிறகு இறால் உரிக்கும் கொட்டகையில் ஒரு நெடி வர ஆரம்பித்தது. ஐஸ் பிளான்டுக்குப் போகும் அமோனியா குழாய், பெண்கள் உட்காரும் சுவரின் மேலாகவே ஓடியது. காலையில் லேசாக இருக்கும். மத்தியானத்துக்குள் கண் கரித்து, தொண்டை கமறும். பூவாயி போய்ச் சொன்னாள். "கொஞ்சம் கசியத்தான் செய்யும், பழகிடும்" என்றார் வாசுதேவன். ஒருவன் வந்து குழாயின் இணைப்பில் ஈரக் கோணியைச் சுற்றிவிட்டுப் போனான். அடுத்த வாரம் ஆராயி என்ற பெண் கத்தியும் கையுமாக மயங்கிச் சரிந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, சவுக்குத் தோப்பு நிழலில் கிடத்தினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் செங்கல்பட்டிலிருந்து லேபர் ஆபீசர் லோகநாயகி வந்தார். "இவங்களுக்கெல்லாம் முதலாளி யாரு?" என்று கேட்டார். வாசுதேவன் பூவாயியைக் காட்டினார். பூவாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபீசர் சிரிக்கவில்லை. அவளை வெளியே அழைத்துப் போனார்.

"நீங்க எதுல கையெழுத்துப் போட்டீங்கன்னு தெரியுமாம்மா?"

"வேலைக்குப் போட்டேன். வேற இன்னாத்துக்கு?"

"கம்பெனிக்கு நான் நோட்டீஸ் அனுப்பறேன். அது வழக்காகி முடிய வருஷக்கணக்கா ஆகும். அதுக்குள்ள அந்தக் குழாய் வெடிச்சு யாராவது செத்தா, மொதல்ல உங்களைத்தான் புடிப்பாங்க. காகிதத்துல நீங்கதான் முதலாளி."

அன்று பூவாயிக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பிளஸ் டூ முடித்து வீட்டிலிருந்த மகள் காயத்ரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "அத்தினி பொம்பளைங்க உசுரும் என் பேர்ல கீதாம்டி" என்றாள். அன்று இரவு அவள் தூங்காமல் புரண்டதைக் காயத்ரி பார்த்தாள்.

மறுநாள் பூவாயி வாசுதேவன் முன்னால் போய் நின்றாள்.

"நான்தான் முதலாளின்னா, நான் சொல்றேன் சார். அந்தப் பைப்பச் சரி பண்றவரிக்கும் என் ஆளுங்க யாரும் உள்ள வர மாட்டாங்க."

கோபப்படுவார் என்று நினைத்திருந்தாள். அவர் கோபப்படவில்லை. "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

வேன் வருவது நின்றது. பெண்கள் வாசலுக்கே வந்து பிடித்துக்கொண்டார்கள். மயங்கி விழுந்த ஆராயியே முதல் ஆளாக வந்தாள். "ஒனக்கு பவுசு வந்துச்சின்னா எங்க வயித்துல அடிப்பியா? நாத்தம்லாம் எங்களுக்குப் பேஜாரு இல்ல, பட்டினிதான் பேஜாரு" என்றாள். திட்டட்டும், உயிரோடு இருந்து திட்டட்டும் என்றிருந்தாள் பூவாயி.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் மறுபடி ஹாரன் கேட்டது. பூவாயி வெளியே வந்தாள். வேன் நிறையப் பெண்கள் இருந்தார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கோயிலுக்குப் போவதாகச் சொல்லி முன்னமே கிளம்பிப் போன காயத்ரி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்கடி போற?"

"நேத்து மேனேஜர் சார் கூப்ட்டு அனுப்பிச்சாரும்மா. ஒன் பேர எடுத்துட்டாங்க. என் பேர்ல மாத்திகினேன்." முகம் பூரித்திருந்தது. "இனிமே இன்னா ஆனாலும் ஒன்னிய எவனும் புடிக்க மாட்டான். நீ நிம்மதியா துன்னுட்டுத் தூங்கு."

பூவாயி வேனின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பைப்பச் சரி பண்ணாங்களாடி?"

"அத நான் கேக்கலம்மா."

டிரைவர் வண்டியை எடுத்தான். கம்பி கையிலிருந்து நழுவியது. பூவாயி செருப்புக்கூடப் போடாமல் வேனின் பின்னால் ஓடினாள்.