நாலு ஸ்பேஸ் தள்ளி

அடுத்தவங்க எழுதின கம்ப்யூட்டர் கோடைச் சரி பண்றது, அடுத்தவங்க சாப்பிட்டுக் காயவிட்ட தட்டைத் தேய்க்கிற மாதிரி. இந்த வேலையில இருக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாலா, ரெண்டா

பிளஸ் டூவைப் பாதியில விட்டுட்டு வில்லியனூர்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில சேர்ந்தேன். கம்பெனின்னா மொபைல் கடைக்கு மேல ஒரு ரூம், என்னையும் சேர்த்து மூணு பேர். மூணு மாசத்துல தேறலைன்னா அம்மா வேலை பார்க்கிற பிளாஸ்டிக் கம்பெனிக்குப் பேக்கிங் போகணும். அதுதான் வீட்டுல பேச்சு.

முதல் வேலை, எல்லாக் கோடையும் ஒரே மாதிரி அடுக்குறது. வரி எத்தனை ஸ்பேஸ் தள்ளி நிக்கணும், அடைப்புக்குறி எங்க வரணும்னு ஒரு ஃபைல்ல எழுதி வச்சா, சேவ் பண்ணும்போது, கோடு எழுதுற சாஃப்ட்வேரான எடிட்டரே அடுக்கிடும். முதலாளி சார் நாலு ஸ்பேஸ் கேட்டார். சீனியர் பிரபு அண்ணன் ரெண்டு. நடுவுல நான் அந்த ஃபைலை மாத்தி மாத்தி எழுதிக்கிட்டே இருந்தேன். கடைசியில சார் சொன்னார்: "நாலு வைம்மா. எனக்குக் கண்ணு தெரியலை, அவனுக்கு இன்னா கேடு?"

நகர்ந்த வரி

ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்குப் பிரபு அண்ணன் புதுசா எழுதின ஃபைல். சர்க்கரை அளவுக்குள்ள இருந்தா எழுத்து கறுப்பு, பக்கத்துல 'நார்மல்'. ரெண்டு வரியையும் உள்ள தள்ளி எழுதினவர், ரெண்டையும் சேர்த்துக் கட்டுற அடைப்புக்குறி போடலை. கம்ப்யூட்டர் ஸ்பேஸைப் பார்க்காது. முதல் வரிக்குத்தான் அந்த நிபந்தனைன்னு எடுத்துக்கும். நான் சேவ் பண்ணினதும் 'நார்மல்' வரி இடப்பக்கம் நகர்ந்து வெளிய வந்து நின்னது. அப்படின்னா சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் 'நார்மல்'தான்.

பிரபு அண்ணன்கிட்டக் கேட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கலை. "உன்னை அடுக்கத்தானே சொன்னாங்க? அடுக்கிட்டுப் போடி."

அது எனக்கு மூணாவது மாசம். அடுக்கிட்டுப் போயிட்டேன்.

அபிஷேகப்பாக்கத்து சீட்டு

கொஞ்ச நாள் கழிச்சு லேப்காரர் ஒரு அக்காவைக் கூட்டிக்கிட்டு வந்தார். அபிஷேகப்பாக்கம். அவங்கப்பாவுக்குக் கால்ல புண்ணு, ஆஸ்பத்திரியில ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. கையில எங்க சாஃப்ட்வேர் அடிச்ச சீட்டு. எண் சரியாத்தான் இருந்தது, முந்நூத்திச் சொச்சம். பக்கத்துல 'நார்மல்'. எண்ணை யாரு பார்க்கிறா?

அந்த அக்கா கத்தலை. கத்தியிருந்தா தேவலை. "இந்த சீட்டைத் தெருவெல்லாம் காட்டிக்கினு இருந்தாருப்பா. காட்டிட்டு வந்து, 'ஒரு கரண்டி வெல்லம் சேர்த்துப் போடு, எனக்கு ஒண்ணுமில்லை'ன்னாரு."

யார் பேர்

ஒவ்வொரு வரியையும் கடைசியா மாத்தினது யாருன்னு கம்ப்யூட்டர்ல பதிவாகும். சார் திறந்தார். மேல இருந்து கீழ வரைக்கும் என் பேர். அடுக்கினது நான்தானே. "அதுக்கு முந்தினதைப் பாருங்க சார்" என்றேன். பார்த்தார். பிரபு அண்ணன் பேர் வந்தது. ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்தது.

பிரபு அண்ணன் என்னைப் பார்த்தார். "நான் கவனிக்கலை சார், ஒத்துக்கிறேன். இவ பார்த்தா. பார்த்துட்டு என்கிட்டக் கேட்டுட்டு, உங்ககிட்டச் சொல்லாமத்தானே வுட்டா?"

இன்னிக்கும் அந்த ரூம்ல எல்லா வரியும் நாலு ஸ்பேஸ் தள்ளி, ஒரு கோணல் இல்லாம, என் பேர்லதான் நிக்குது. நான் பேக்கிங்ல நிக்கிறேன்.