கிளியர் ஸ்க்ரீன் இல்லாத பரீட்சை

பாக்கியிருந்தது ஒரே அரியர், சி மொழியில் நிரல் எழுதும் லேப் பரீட்சை. அதில் ஃபெயிலானால் டிகிரி இல்லை. டிகிரி இல்லாவிட்டால் கல்பாக்கத்தில் சொல்லி வைத்திருந்த வேலையும் இல்லை. கல்யாணம், குழந்தை என்று இழுத்துக்கொண்டே போனதில், இதுதான் கடைசி வாய்ப்பு என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். மாமல்லபுரத்தில் பஸ் ஏறிச் செங்கல்பட்டில் இறங்கும்வரை நிரலை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே போனேன்.

நான் படித்தபோது லேபில் நீலத் திரை. எந்த நிரலானாலும் மேலே கோனியோ என்ற ஹெடர் ஃபைல், உள்ளே முதல் வரி கிளியர் ஸ்க்ரீன், கடைசி வரி கெட்ச். கிளியர் ஸ்க்ரீன் திரையிலுள்ள பழைய எழுத்துகளைத் துடைக்கும். கெட்ச் விசையைத் தட்டும்வரை விடையைக் காட்டி நிற்கும். கல்யாணப் பத்திரிகை ஓரத்தில் மஞ்சள் தடவுகிற மாதிரி, யோசிக்காமல் போட்டுவிடுவோம்.

அன்று போனால் நீலத் திரையையே காணோம். எல்லாம் லினக்ஸ், கறுப்பு ஜன்னல். எனக்குக் கேள்வியாக வந்தது இருபடிச் சமன்பாடு. ஓட்டுவதற்காகக் கம்பைல் செய்ததும், கோனியோ என்று ஒரு ஃபைலே கிடையாது என்றது. அடப்பாவி! அந்த வரியை அழித்தேன். அடுத்து, ஃபங்ஷன்களைத் தேடிக் கோக்கிற லிங்க்கர் ஆரம்பித்தது: கிளியர் ஸ்க்ரீனையும் காணோம், கெட்ச்சையும் காணோம்.

"இன்னாமா, எர்ரரா? பாத்துகினே உக்காந்தா டைம் பூடும்," என்றார் லேப் அசிஸ்டென்ட்.

"சொல்லிக் குடுக்கவா போறீங்க? போங்கண்ணா."

இரண்டையும் தூக்கினேன். அப்போதும் வர்க்கமூலம் எடுக்கும் ஃபங்ஷனைக் காணோமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேத் ஹெடரைத்தான் போட்டுத் தொலைத்திருக்கிறேனே! அப்புறம்தான் உறைத்தது. ஹெடர் வெறும் மெனு கார்டு. அதில் பேர் இருந்தால் போதுமா, சமையல்கட்டில் சரக்கு வேண்டாமா? போர்டில் எழுதியிருந்த கம்பைல் கட்டளையின் வாலில் 'எல்எம்' என்று இருந்தது. என்ன எழவோ என்று அதை விட்டிருந்தேன். கணக்குச் சரக்கைக் கொண்டுவருவது அதுதானோ? சேர்த்து அடித்தேன். லிங்க்கர் வாயை மூடிக்கொண்டது, விடையும் வந்தது.

வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் என் திரையைப் பார்த்தார்.

"கிளியர் ஸ்க்ரீன் போடலியாமா?"

நானும் திரையைப் பார்த்தேன். துடைக்காததால் நான் வாங்கின எர்ரர் அத்தனையும் விடைக்கு மேலே அப்படியே நின்றது.

"போட்டா ஓடல சார்."

அவர் மௌஸை உருட்டி, முதல் எர்ரரிலிருந்து படித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றிலும் நிறுத்தி, இதற்கு என்ன செய்தாய் என்று கேட்டார். சொன்னேன். மெனு கார்டையும் விடவில்லை. லேசாகச் சிரித்துவிட்டு பேப்பரில் மார்க் போட்டார். எட்டிப் பார்த்தேன், பாஸுக்கு நிறைய மேலேயே இருந்தது.

"வைவா கேள்வி கேக்க எப்போ கூப்புடுவீங்க சார்?"

"இவ்ளோ நேரம் அதானேமா நடந்துச்சு. வீட்டுக்குப் போ."

எழுந்தேன். அழுகை வந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். திரையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.