பஸ்ஸில் நான் பறித்த பிள்ளை

அம்மா உறங்கிய பிறகு, அவருக்குத் தெரியாமல் இதைச் சொந்தக்காரர் உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

புற்றுநோய் என்று அம்மாவின் ஒரு பக்கத்து மார்பை எடுத்தது உங்களுக்குத் தெரியும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்ததால் இனிப் பயமில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் பயம் போகவில்லை. தண்ணீர்க் குடத்தைக்கூட அம்மாவைத் தூக்க விடுவதில்லை.

இன்று செங்கலடியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் பஸ்ஸில் ஏறினாள். இருக்க இடமில்லை. எல்லாரும் செய்வதுபோல, இருக்கையில் இருந்த அம்மாவிடம், "அக்கா, புள்ளையக் கொஞ்சம் மடியில வெச்சிருங்க" என்றாள்.

அம்மா சிரித்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்தச் சிரிப்பை இன்றுதான் கண்டேன்.

"அம்மாவுக்கு ஏலாது!" என்று பக்கத்தில் இருந்த நான் குழந்தையைப் பறித்துக்கொண்டேன். அது வீரிட்டு அழுதது. அம்மாவின் கைகள் வெறுமனே மடிக்குத் திரும்பின.

இறங்கி நடக்கும்போது அம்மா கேட்டார்: "வெட்டினது நெஞ்சத்தானே மகள்? மடி இருக்குதானே?"



அந்தப் பிள்ளை மூத்திரம் பெய்து என் பாவாடையை நனைத்தது சரியான தண்டனைதான். உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை தூக்கிக்கொண்டு வாருங்கள். நான் தொடமாட்டேன்.